கயிறு எங்கே ஓடுகிறது?

போன வாரம் ஒரு ரத்தப் பரிசோதனைக் குறிப்பு கைக்கு வந்தது. இப்போதெல்லாம் நான் மொழிபெயர்ப்பதைவிட, இயந்திரம் மொழிபெயர்த்துத் தருவதைச் செப்பனிடுவதுதான் அதிகம். திரையின் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். மூன்றாவது வரி இப்படி இருந்தது: "பரிசோதனைக்கு முன் 8 மணி நேரம் வேகமாக இருக்கவும். தண்ணீர் குடிக்கலாம்."

8 மணி நேரம் வேகமாக இருப்பவருக்குத் தண்ணீராவது கொடுக்கத்தான் வேண்டும்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இருந்த சொல் 'ஃபாஸ்ட்'. சாப்பிடாமல் இருக்கச் சொன்னதை இயந்திரம் வேகம் என்று எடுத்துக்கொண்டது. இதே 'ஃபாஸ்ட்' என்னையும் ஒருமுறை கவிழ்த்திருக்கிறது, அதுவும் படகு விஷயத்தில்.

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம். சிறு படகுகளுக்கான பாதுகாப்புக் குறிப்புகள், மொத்தம் 4 பக்கம். படகில் ஏறும் முன் கயிற்றை 'மேக் ஃபாஸ்ட்' செய்யச் சொல்லியிருந்தது. எனக்கு அப்போது தெரிந்த ஃபாஸ்ட் ஒன்றே ஒன்றுதான். "ஏறுவதற்கு முன் கயிற்றை வேகப்படுத்தவும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். படித்துப் பார்க்கும்போது கொஞ்சம் உறுத்தியது. படகுக்காரர்களுக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் பாவங்களில் முதன்மையானது இது: தனக்குப் புரியாததை வாசிப்பவருக்குப் புரியும் என்று நம்புவது.

மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. சரிபார்ப்பவர் அந்த வரியின் ஓரத்தில் மூன்றே சொல் எழுதியிருந்தார்: "கயிறு எங்கே ஓடுகிறது?"

அவர் எப்போதும் அப்படித்தான். விளக்கம் தரமாட்டார், திட்டவும் மாட்டார். ஒரு கேள்வி கேட்பார், அதிலேயே கூனிக்குறுகிப் போவோம். அகராதியை எடுத்தேன். 'மேக் ஃபாஸ்ட்' என்றால் இழுத்துக் கட்டுவது, அசையாமல் பிணைப்பது. கயிறு ஓடக்கூடாது என்பதற்காகவே சொல்லப்பட்ட வாக்கியத்தில் நான் கயிற்றை ஓட விட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து இந்த நாலெழுத்துச் சொல்லின் மேல் எனக்கு ஒரு கண். ஓடுவதற்கும் அசையாமல் இருப்பதற்கும் பட்டினி கிடப்பதற்கும் ஒரே சொல் எப்படி? தற்செயலாக ஒரே உச்சரிப்புக்கு வந்து சேர்ந்த மூன்று சொற்களாக இருக்கும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆங்கிலத்தில் அது நிறைய உண்டு. சத்தம் என்ற பொருள் தரும் 'சவுண்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'சேஃப் அண்ட் சவுண்ட்' என்பதில் உள்ள சவுண்ட் ஜெர்மானியச் சொல், உடல்நலம் என்று பொருள். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் ஃபாஸ்ட் அப்படி இல்லை. மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

வேர்ச்சொல்லின் பொருள் உறுதி. கெட்டியாக, இறுக்கமாக, அசையாமல் இருப்பது. ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றிலும் இந்தச் சொல் இருக்கிறது. ஜெர்மனில் 'ஃபெஸ்ட்' என்றால் உறுதியான. (திருவிழா என்ற பொருளில் வரும் ஃபெஸ்ட் வேறு, அது லத்தீனிலிருந்து வந்தது.) சுவீடிஷ் மொழியில் 'ஃபாஸ்டிக்ஹெட்' என்றால் நிலம், கட்டடம் போன்ற சொத்து. நாம் அதை அசையாச் சொத்து என்கிறோம். அங்கேயும் அசையாதது, இங்கேயும் அசையாதது. பழைய ஆங்கிலத்தில் 'ஃபேஸ்டன்' என்ற பெயர்ச்சொல்லுக்குக் கோட்டை என்றும் பொருள் உண்டு, உண்ணாநோன்பு என்றும் பொருள் உண்டு. மலைக்கோட்டை போன்ற அரணான இடத்தை இன்றும் 'மவுண்டன் ஃபாஸ்ட்னெஸ்' என்று எழுதுகிறார்கள். பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் இதை "மலையின் வேகம்" என்று பார்த்திருக்கிறேன். அதைச் செய்தது நான் இல்லை.

பெல்ஃபாஸ்ட் நகரத்தின் பெயரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது அயர்லாந்தின் சொந்த மொழிப் பெயர், மணல்திட்டின் முகத்துவாரம் என்று பொருள்.

உறுதி என்ற பொருள் ஆங்கிலத்தில் செத்துப்போகவில்லை. தூக்கத்தில் 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்பது அதுதான். தூக்கம் ஆளைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில், அரசி தூக்கத்தில் எழுந்து நடந்து கடிதம் எழுதுவதைப் பணிப்பெண் சொல்லும்போது, அவள் இருந்த ஆழ்ந்த உறக்கத்தை 'ஃபாஸ்ட் ஸ்லீப்' என்கிறாள். இன்றைய காதுக்கு அது அவசரத் தூக்கம் மாதிரிக் கேட்கும். இருக்கையில் பெல்ட்டை 'ஃபாஸன்' பண்ணுவதும், மனம் மாறாமல் நிற்பதை 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்பதும் இதே வகைதான். கடற்பாசி பாறையைப் பற்றிக்கொள்ளும் அடிப்பகுதிக்கு 'ஹோல்ட்ஃபாஸ்ட்' என்றே பெயர். பழைய மாலுமிகள் விரல்களில் பச்சை குத்திக்கொள்வார்கள்: ஒரு கையில் 'ஹோல்ட்', இன்னொரு கையில் 'ஃபாஸ்ட்', விரலுக்கு ஓர் எழுத்து. பாய்மரக் கயிற்றில் பிடி நழுவாமல் இருக்க. பிறகு 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்'. சீக்கிரமே நண்பர்கள் ஆகிவிட்டவர்கள் என்று இதை நான் வசன வரிகளில் குறைந்தது இரண்டு தடவையாவது எழுதியிருப்பேன். உயிர்த்தோழர்கள் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஒரு சொல் மட்டும் வேடம் மாற்றிக்கொண்டது. வெட்கத்தோடு நிற்பவரை ஆங்கிலத்தில் 'ஷேம்ஃபேஸ்ட்' என்கிறார்கள். கேட்டால் முகத்தில் வெட்கம் என்று தோன்றும். ஆனால் ஆதியில் அது 'ஷேம்ஃபாஸ்ட்'. நாணத்தால் கட்டுண்டவர், நாணம் உறுதியாகக் கொண்டவர். ஃபாஸ்ட்டின் பழைய பொருள் மங்கியதும் மக்கள் அதை முகமாக மாற்றிக்கொண்டார்கள். வெட்கம் முகத்தில்தானே தெரிகிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சாயம். துணியில் சாயம் போகாது என்பதை ஆங்கிலத்தில் 'கலர்ஃபாஸ்ட்' என்கிறார்கள். சாயம் போனால் அது 'ரன்' ஆகிறது, அதாவது ஓடுகிறது. யோசித்துப் பாருங்கள். ஆள் ஓடினால் ஃபாஸ்ட். சாயம் ஓடினால் ஃபாஸ்ட் இல்லை.

ஆடைத் தொழிலுக்கான ஒரு கையேட்டை மொழிபெயர்த்தபோது இதைச் சோதிக்கும் முறையைப் பார்த்தேன். சாயமேற்றிய துணியில் ஒரு துண்டு வெட்டி, அதனுடன் 6 வகை இழைகள் பட்டை பட்டையாக நெய்யப்பட்ட ஒரு வெள்ளை நாடாவைத் தைக்கிறார்கள். பருத்தி, கம்பளி, நைலான், பாலியெஸ்டர் என்று வரிசையாக. இரண்டையும் சேர்த்துச் சோப்புக் கரைசலில் அலசி உலர்த்துகிறார்கள். எந்தப் பட்டையில் எவ்வளவு கறை ஏறியிருக்கிறது என்று சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் கறையே இல்லை. வெயிலில் வெளுப்பதைப் பார்க்க வேறு அளவுகோல் உண்டு, 8 நீலக் கம்பளித் துண்டுகள் கொண்டது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் தாங்கும். அந்தக் கையேட்டில் 'ஃபாஸ்ட்னெஸ்' என்ற சொல் நூறு தடவைக்கு மேல் வந்தது. எல்லாவற்றுக்கும் 'சாயநிலைப்பு' என்று போட்டேன். ஆனால் பேச்சில் 'சாயம் போகாத' என்பதுதான் சரி. தமிழில் சாயம் ஓடுவதில்லை, போகிறது. போன சாயத்தைப் பற்றி நமக்குச் சண்டை போடத் தெரியும்.

சாயத்திலிருந்து ஒரு தாவல் தாவி இந்தச் சொல் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கிறது. சளிப் பரிசோதனைச் சீட்டில் 'ஏஎஃப்பி' என்று இருக்கும். 'ஆசிட் ஃபாஸ்ட் பாசிலை', அதாவது காசநோய்க் கிருமியும் அதன் உறவுகளும். ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் பார்ப்பது பெரும் பாடாக இருந்தது. அதன் மேலுறை மெழுகு போன்றது, சாயம் லேசில் ஏறாது. ஏற்றிவிட்டால் இறங்கவும் இறங்காது. இந்தக் குணத்தை அதே வருடம் பால் எர்லிக் கவனித்தார். அப்புறம் ஸீல், நீல்சன் என்ற இருவர் செய்த மாற்றங்களோடு அவர்கள் பெயரிலேயே அந்த முறை நிலைத்தது. கண்ணாடித் தகட்டில் சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடாக்குகிறார்கள். பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவுகிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் சிவப்பு கழன்று போய்விடும், இந்தக் கிருமி மட்டும் விடாது. கடைசியில் நீலம் பூசினால், நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள். அமிலம் ஊற்றியும் சாயத்தை விடாதது என்பதால் ஆசிட் ஃபாஸ்ட். "அமில வேகக் கிருமி" என்று யாராவது எழுதியிருந்தால் எனக்கு இப்போது கோபம் வராது. பரிதாபம்தான் வரும்.

சரி, இறுக்கத்திலிருந்து வேகம் எப்படிப் பிறந்தது?

படிப்படியாக. முதலில் 'உறுதியாக' என்பது 'வலுவாக, மும்முரமாக' என்று விரிந்தது. ஃபாஸ்ட்டாகச் சண்டையிடுவது என்றால் விட்டுக்கொடுக்காமல் மூர்க்கமாகச் சண்டையிடுவது. அதே சமயம் 'ஒட்டி, நெருங்கி' என்ற பொருளும் வந்தது. இறுக்கமாக இருப்பது நெருக்கமாகவும் இருக்குமே. பழைய கவிதைகளில் 'ஃபாஸ்ட் பை' என்றால் வேகமாகக் கடப்பது என்று நினைத்துவிடக் கூடாது, மிக அருகில் என்று பொருள். இந்த இரண்டையும் ஓட்டத்தில் சேர்த்துப் பாருங்கள். முன்னால் ஓடுபவனை ஒட்டி, பிடியை விடாமல், மும்முரமாகத் துரத்துகிறவன் எப்படி ஓடுவான்? வேகமாகத்தான். பொருள் அங்கே நழுவி மறுபக்கம் விழுந்துவிட்டது. முதலில் ஓட்டத்தைச் சொல்லும் வினையடையாகத்தான் இந்தப் பொருள் வந்தது. குதிரையையோ ஆளையோ ஃபாஸ்ட் என்று வர்ணிப்பது 16ஆம் நூற்றாண்டு வாக்கில். அதற்கப்புறம் கடிகாரம், பந்துவீச்சு, கேமரா லென்ஸ் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

'ஹார்ட்' என்ற சொல்லும் இதே பாதையில்தான் நடந்தது. கடினம் என்றும் சொல்லலாம், மும்முரமாக ஓடுவதற்கும் சொல்லலாம், 'ஹார்ட் பை' என்றால் அருகில். ஒரு பாதையில் இருவர் நடந்திருந்தால் அது வழிதவறிய நடை இல்லை, தடம்.

ஜெர்மனில் இது போன பக்கம் இன்னும் வேடிக்கை. அங்கே 'ஃபாஸ்ட்' என்று எழுதினால் 'கிட்டத்தட்ட' என்று பொருள். உறுதியாக, மிக நெருக்கமாக, அப்புறம் வெறும் கிட்டத்தட்ட. உறுதி என்று பிறந்த சொல் உறுதியில்லாமையில் போய் முடிந்திருக்கிறது.

பட்டினியின் கதை வேறு கிளை. 4ஆம் நூற்றாண்டில் கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழிக்கு விவிலியம் பெயர்க்கப்பட்டது. அந்த மொழியில் 'ஃபாஸ்டன்' என்ற வினைச்சொல்லுக்குக் காப்பது, கடைப்பிடிப்பது என்று பொருள்; உண்ணாமல் இருப்பது என்றும் பொருள். ஒரு நெறியை இறுகப் பற்றிக்கொள்வதுதான் நோன்பு. நாமும் கடைப்பிடிக்கிறோம் என்கிறோம், விரதம் பிடிக்கிறேன் என்கிறோம். எல்லாவற்றிலும் கைக்குள் ஏதோ ஒன்று இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிடியை உடைப்பது 'பிரேக்ஃபாஸ்ட்'. பிரெஞ்சும் ஸ்பானிஷும் இதையே தங்கள் சொற்களில் சொல்கின்றன. ஆங்கிலத்தின் 'டின்னர்' கூட அதே பொருளில் பிறந்ததுதான்: நோன்பை விடுதல் என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து டின்னர் ஆனது. காலையில் உடைத்ததை இரவில் மறுபடி உடைக்கிறார்கள். அந்த லத்தீன் சொல்லின் அடி 'ஜெஜூனுஸ்'. வெறுமையான, பட்டினியான என்று பொருள். சிறுகுடலின் நடுப்பகுதிக்கு 'ஜெஜூனம்' என்று பெயர் வந்ததும் இதனால்தான். இறந்த உடலை அறுத்துப் பார்த்த பழங்கால மருத்துவர்களுக்கு அது எப்போதும் காலியாகவே கிடைத்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஆங்கிலம் ஒரு விசித்திரமான மொழி என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதைக் கலைத்தது தொல்காப்பியம். வேறு ஏதோ தேடி உரியியலைப் புரட்டியபோது 'கடி' என்ற சொல்லுக்கான நூற்பா கண்ணில் பட்டது. கடி என்ற உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்கிறார் தொல்காப்பியர்: வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம், முன்தேற்று.

காப்பும் விரைவும் ஒரே பட்டியலில்.

காவல் மிக்க நகரம் கடிநகர். அரசன் காத்து நிற்கும் மரம் கடிமரம். கடிது வந்தான் என்றால் விரைந்து வந்தான். கடுமான் என்றால் விரைந்தோடும் குதிரை. கடுகிச் செல் என்றாலும் விரைவுதான். ஆனால் கடுமை என்றால் கடினம். "கடிதோச்சி மெல்ல எறிக" என்று குறளில் வருகிறதே, அந்தக் கடிதைக் கடுமை என்று கொண்டாலும் சரியாக இருக்கிறது, வேகம் என்று கொண்டாலும் காட்சி கெடுவதில்லை. கை ஓங்கும்போது இரண்டும் ஒன்றாகத்தானே ஓங்குகின்றன?

இன்னும் ஒன்று. வல் என்றால் வலிமை. சங்கப் பாட்டில் 'வல்லே' என்று வந்தால் விரைவாக. வல்விரைந்து என்று இரண்டையும் சேர்த்தும் சொல்வார்கள்.

நோன்பு என்ற சொல்லையாவது விட்டுவைத்திருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. நோன்மை என்றால் வலிமை, பொறுக்கும் ஆற்றல். முருகனின் வலிய தாளை நோன்தாள் என்கிறது திருமுருகாற்றுப்படை. வேலின் உறுதியான காம்பு நெடுநல்வாடையில் நோன்காழ். தவம் எது என்று சொல்ல வந்த வள்ளுவர் "உற்றநோய் நோன்றல்" என்றுதான் தொடங்குகிறார். தாங்குவது, பொறுப்பது, அசையாமல் நிற்பது. அதிலிருந்து நோன்பு. ஜெர்மானியர்கள் உறுதியிலிருந்து பட்டினிக்குப் போன அதே தூரத்தை, அவர்களை அறியாமலேயே, நாமும் நடந்திருக்கிறோம்.

இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. வீட்டில் சொன்னேன், "ம்" என்றார்கள். உடனே நினைவுக்கு வந்தவர் அந்தச் சரிபார்ப்பவர். அவர் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. மின்னஞ்சல் முகவரி இன்னும் இருந்தது. கயிற்றை நினைவூட்டி, கடி, வல்லே, நோன்பு எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதி, தொல்காப்பியரின் பத்துப் பொருளையும் வரிசையாகப் போட்டு அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன்.

அதற்கிடையில் ரத்தப் பரிசோதனைக் குறிப்பை முடிக்க வேண்டியிருந்தது. நோன்பு, விரதம் இரண்டும் அந்த இடத்துக்குப் பொருந்தாது. படிப்பவர் சாமியை நினைப்பார், ஊசியை நினைக்கமாட்டார். "8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், வெறும் வயிற்றில் வரவும். தண்ணீர் குடிக்கலாம்" என்று திருத்தினேன். வெறும் வயிறு. ஜெஜூனம் என்று பெயர் வைத்தவர்கள் பார்த்தால் தலையாட்டுவார்கள்.

சாயங்காலம் பதில் வந்தது. வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. "பத்து என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான் இருக்கிறது."

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான். மேலே உள்ள பட்டியலில் 'புதுமை' அதற்கப்புறம் சேர்த்தது.